ஏழுமலையின் எழுபத்து நான்கு

“இந்தக் கணக்க நீயே போட்டியா, இல்ல யாராவது போட்டுக் குடுத்தாங்களா?”

டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியனாக நான் சேர்ந்த இரண்டாவது மாதம் டாக்டர் அருளப்பன் கேட்ட கேள்வி இது. அவர் கையில் நான் எழுதிய தாள் இருந்தது. பதினெட்டு நோயாளிகளின் பெயர், டயாலிசிஸுக்கு முன்னால் இரத்தத்தில் இருந்த யூரியா, முடிந்த பிறகு இருந்த யூரியா, எத்தனை சதவீதம் குறைந்தது என்ற கணக்கு. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“நானேதான் சார். வேற தாள் குடுங்க, இங்கியே போட்டுக் காட்றேன்.”

அவர் உண்மையிலேயே தாளைக் கொடுத்துவிட்டார்! நின்றபடியே நான்கு பேருக்குப் போட்டுக் காட்டினேன். பார்த்தார். “போன்” என்றார், அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், அந்த மொழியில் அதற்கு ‘நல்லது’ என்று அர்த்தம். திருப்தி என்றால் அந்த ஒரு சொல்தான், அதுவும் வாரத்துக்கு ஒருமுறை கிடைத்தால் பெரிது.

ஒன்பது வருடம் அந்த மெஷின்களுக்குப் பக்கத்திலேயே நின்றேன். போன மாதம் அந்த வேலையிலிருந்து விலகினேன். இப்போது வந்திருக்கும் புது மெஷின்கள் டயாலிசிஸ் நடக்கும்போதே எவ்வளவு சுத்தமானது என்று திரையில் காட்டிவிடுகின்றன. ஜூனியர்கள் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்: “அக்கா, அதான் மெஷினே சொல்லுதே, இனிமே எதுக்கு ரத்தம் எடுக்கணும்?” இதற்கு இரண்டு வரியில் பதில் போட என்னால் முடியவில்லை. ஏழுமலை அண்ணனைப் பற்றிச் சொன்னால்தான் புரியும்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. வீடு முதலியார்பேட்டை. அப்பா மில் தொழிலாளி, மில் மூடிய பிறகு வாட்ச்மேன். அவருக்குக் கையெழுத்து மட்டும் போட வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. எங்கள் வீட்டில் பத்தாவது எழுதிய முதல் ஆள் நான், பன்னிரண்டாவது முடித்த முதல் ஆளும் நான், டயாலிசிஸ் படிப்பு படித்த முதல் ஆளும் நான். ரேங்க் கார்டு வாங்கி வந்தால் அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுவார். மார்க் என்றால் எனக்கு அவ்வளவு ஆசை. அந்த ஆசையைத்தான் டயாலிசிஸ் பிரிவுக்கும் கொண்டுபோனேன். அதனால் வந்த வினையைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழந்தவர்களுக்குக் கையில் ஒரு சின்ன அறுவை செய்து, தமனியையும் சிரையையும் இணைத்துவிடுவார்கள். கொஞ்ச நாளில் அந்த இரத்தக் குழாய் கயிறு போலத் தடிக்கும். அதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். அதில் இரண்டு ஊசி போடுவோம். ஒன்றின் வழியாக இரத்தம் வெளியே வரும், மெஷின் அதைக் கழுவும், மற்றொன்றின் வழியாகக் கழுவிய இரத்தம் உள்ளே போகும். நான்கு மணி நேரம் இப்படி ஓடும். கழுவியது போதுமா என்று தெரிந்துகொள்ள மாதம் ஒருமுறை, தொடங்கும் முன் ஒரு குப்பி, முடியும்போது ஒரு குப்பி இரத்தம் எடுத்து யூரியா பார்ப்போம். நூறு இருந்தது முப்பத்தைந்துக்காவது இறங்க வேண்டும். அதாவது அறுபத்தைந்து சதவீதம் குறைய வேண்டும். அது பாஸ் மார்க்.

பாஸ் மார்க் என்று நான்தான் பெயர் வைத்தேன். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் மாதாமாதம் எல்லாருடைய சதவீதத்தையும் அட்டையில் எழுதி, சாரம் பகுதியில் இருந்த எங்கள் பிரிவின் வாசலில் ஒட்டினேன், முதல் ரேங்கிலிருந்து கடைசி ரேங்க் வரை. நோயாளிகளுக்கு ஒரே உற்சாகம்! பாதியில் “போதும், எடுத்து வுடும்மா” என்று எழுந்து ஓடுகிறவர்கள்கூட மார்க்குக்காக நான்கு மணி நேரம் முழுதாகப் படுத்தார்கள். டாக்டரே ஒருநாள் அட்டையைப் பார்த்து “போன்” என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

அந்த அட்டையில் தொடர்ந்து எட்டு மாதம் முதல் ரேங்க் ஏழுமலை அண்ணன்.

தவளக்குப்பத்துக்காரர். நாற்பத்தாறு வயது. கடலூர் ரோட்டில் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தவர். திங்கள், புதன், வெள்ளி வருவார். வரும்போதே வாசலில் நின்று அட்டையை விரலால் தடவிப் பார்ப்பார்.

“எழுவத்தி நாலு! எவனாவது கிட்ட வர முடியுமா? பக்கத்துப் பெட் மாமா, நீங்க எவ்ளோ?”

“அறுவத்தி ஆறுடா.”

“ஜஸ்ட் பாஸு. டியூஷன் வெச்சிக்குங்க.”

ஊசி போடும்போது மட்டும் அந்த வாய் அடங்கிவிடும். “பாப்பா, இங்கியே போடு. இந்த எடந்தான் மரத்துப் போச்சி, வலிக்காது. மேல போடாத, உசுரு போவுது” என்பார். முழங்கைக்குக் கீழே ஊசி பட்டுப் பட்டு இரண்டு மேடு எழும்பியிருக்கும். இரண்டு ஊசியையும் அங்கேயே, இரண்டு விரல் இடைவெளியில் போட்டுவிடுவேன். எல்லா டயாலிசிஸ் பிரிவிலும் இது நடக்கும். நோயாளிக்குப் பிடித்த இடம் என்று ஒன்று உண்டு, அங்கே போடுகிற டெக்னீஷியனைத்தான் அவர்கள் தேடுவார்கள். “சங்கீதா வந்துதுன்னாதான் ஊசி” என்று அவர் அடம்பிடிப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் டாக்டரிடம் ஆரம்பித்தார்.

“சார், நான்தான் கிளாஸ் ஃபர்ஸ்ட்டு. எனக்கு எதுக்கு மூணு நாளு? ரெண்டு நாள் ஆக்கி வுடுங்க. ஞாயித்துக்கெழம போவ நாலு நாள் முழுசா வந்தா வண்டி தரேன்னு ஓனர் சொல்லிக்கினு இருக்காரு. வூட்ல சும்மா குந்தி எனக்குப் பைத்தியம் புடிக்குது.”

டாக்டர் அருளப்பன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றபடிதான் ஃபைலைப் படிப்பார், அதுவும் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி. “இன்னிக்கி ஆள் எப்படி இருக்கான்னு முதல்ல தெரியணும், வரலாறு அப்புறம்” என்பார். அன்றும் அப்படித்தான் படித்தார். எட்டு மாதமும் எழுபதுக்கு மேல்.

“வாந்தி இருக்கா?”

“இல்ல சார்.”

“அரிப்பு? பசி?”

“பன்னி மாதிரி துன்றேன் சார்.”

“சரி. புதன்கிழமை எழுதித் தரேன்.”

நானும் பக்கத்தில் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். என் மார்க்கை வைத்து ஒரு மனுஷன் வேலைக்குத் திரும்பப் போகிறார்!

ஞாயிற்றுக்கிழமை தவளக்குப்பத்தில் தோழிக்கு வளைகாப்பு. முடிந்து ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்றபோது ஏழுமலை அண்ணனின் மனைவி கஸ்தூரி அக்கா மீன் பையோடு வந்தார்.

“மீன் வாங்கிட்டீங்களா? அண்ணன் நல்லா சாப்புடுவாரே” என்றேன்.

“யாரு அவரா? ஊட்ல மீன் வறுத்தா அவரு தெருமுனைக்கு ஓடறாரு. நாத்தம் புடிக்கலயாம். இது புள்ளைங்களுக்கு.”

“வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட நல்லா சாப்புடறேன்னாரே!”

அக்கா சுற்றிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. “பாப்பா, நான் சொன்னேன்னு சொல்லிடாத. ரெண்டு மாசமா ரெண்டு இட்லிக்கு மேல எறங்கல. சொறிஞ்சி சொறிஞ்சி முதுகெல்லாம் ரத்தம். நான் தேங்கா எண்ண தேச்சி வுடறேன். காலையில குமட்டல். ‘வாயத் தொறந்தன்னா என் வண்டி போச்சி’ன்னு என்ன மெரட்டி வெச்சிருக்காரு. நீதான் எழுவத்தி நாலுன்னு எழுதி ஒட்டியிருக்கியே, அப்பறம் நான் டாக்டர்கிட்ட இன்னான்னு போய்ச் சொல்றது?”

பஸ் வந்து போனது. நான் ஏறவில்லை.

அரிப்பு, குமட்டல், உணவைக் கண்டால் வெறுப்பு. கழிவு வெளியே போகாதவர்களுக்கு வருகிற மூன்றும் அவருக்கு இருந்தன. அப்படி இருக்கையில் எழுபத்து நான்கு எங்கிருந்து வந்தது? கழுவல் போதாத ஒருவருக்கு மூன்று நாளை இரண்டாக்கினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், வண்டி ஓட்டும்போதே இதயம் நின்றுவிடலாம். கையெழுத்து புதன்கிழமை. எனக்கு நடுவில் இருந்தது திங்கட்கிழமை ஒன்றுதான்.

வீட்டுக்குப் போய்க் கல்லூரி நோட்டை எடுத்தேன். மூன்று வருடமாகத் திறக்காத நோட்டு. இரத்தம் எடுக்கும் முறை என்ற பக்கத்தில் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: முடியும்போது எடுக்கிற குப்பிக்கு முன்னால் இரத்தத்தை இழுக்கிற பம்ப்பின் வேகத்தை நிமிடத்துக்கு நூறு மில்லியாகக் குறைக்கவும், பதினைந்து விநாடி பொறுக்கவும், பிறகு எடுக்கவும்.

நாங்கள் யாரும் குறைத்ததே இல்லை. அடுத்த ஷிப்ட் நோயாளிகள் வாசலில் நிற்பார்கள், பம்ப் முந்நூறில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியே வரும் குழாயிலிருந்து சட்டென்று உறிஞ்சிக் குப்பியில் விட்டுவிடுவோம். நான் சேர்ந்தபோது அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது, நானும் அப்படியே செய்தேன்.

பதினைந்து விநாடி எதற்கு என்று அப்போதுதான் ஒழுங்காக யோசித்தேன். யோசிக்க யோசிக்க உட்கார முடியவில்லை, எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். ஃபிஸ்டுலாவில் ஓட்டம் நன்றாக இருந்தால் கழுவிய இரத்தம் நேராக உடம்புக்குள் போய்விடும். கையில் எங்காவது இரத்தக் குழாய் சுருங்கி ஓட்டம் குறைந்திருந்தால், அதிலும் இரண்டு ஊசியும் அருகருகே இருந்தால், உள்ளே விட்ட சுத்தமான இரத்தத்தையே பம்ப் மறுபடி வெளியே இழுக்கும். மெஷின் கழுவியதையே கழுவிக்கொண்டிருக்கும். உடம்பில் இருக்கிற அழுக்கு உடம்பிலேயே நிற்கும். அந்த நேரத்தில் வெளியே வரும் குழாயில் இரத்தம் எடுத்தால் பாதி சுத்தமான இரத்தம்தானே குப்பியில் விழும்? யூரியா குறைவாகத்தானே காட்டும்? கை எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு நல்ல மார்க்! பம்ப்பைக் குறைத்துப் பதினைந்து விநாடி விட்டால் அந்தக் கலப்பு நின்று உடம்பின் இரத்தம் வரும். அதைத்தான் நான் எடுக்கவே இல்லை.

“இன்னாடி, தனியா பேசற?” என்றார் அம்மா.

“எம்மா, தொவச்ச துணியவே திரும்பத் திரும்பத் தொவச்சா?”

“அழுக்குத் துணி அப்படியே கெடக்கும். கை வலிதான் மிச்சம்.”

அவ்வளவுதான் விஷயம்.

திங்கள் காலை டாக்டர் வந்ததும் போய் நின்றேன். “சார், ஏழுமலையோட நம்பர் பொய்.”

“யார் எடுத்த நம்பர்?”

“நான்தான் சார். எட்டு மாசமா தப்பா எடுத்திருக்கேன். பம்ப்ப குறைக்கல. ஊசியும் கிட்டக் கிட்டப் போட்டேன்.”

எங்கள் சீனியர் டெக்னீஷியன் ஸ்டீபன் அண்ணன் பின்னால் நின்று என் கோட்டைப் பிடித்து இழுத்தார். “ஏய், வாய மூடு. எல்லாரும்தான் அப்படி எடுக்கறோம். நீயே போய் மாட்டிக்கினு எங்களையும் மாட்டி வுடற.”

டாக்டர் திட்டவில்லை. சமாதானமும் சொல்லவில்லை. “எப்படி நிரூபிப்ப?” என்றார்.

“மூணு குப்பி சார்.”

“போடு.”

ஏழுமலை அண்ணனுக்கு டயாலிசிஸ் தொடங்கி அரை மணி நேரம் ஆனதும், உடம்பில் தேங்கிய நீரை மெஷின் இழுப்பதை நிறுத்தினேன். பம்ப் முந்நூறில் ஓடும்போதே வெளியே வரும் குழாயில் ஒரு குப்பி, உள்ளே போகும் குழாயில் ஒரு குப்பி. பிறகு பம்ப்பை நூறுக்குக் குறைத்தேன். டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து விநாடியை வாய்விட்டு எண்ணினார். பதினைந்து. பம்ப்பை நிறுத்தினேன், மூன்றாவது குப்பி. அது உடம்பின் இரத்தம். மூன்றிலும் பெயர் எழுதினேன்.

“இன்னா பாப்பா, மாசக் கடைசியில தான பரீச்ச?” என்றார் ஏழுமலை அண்ணன்.

“இது சர்ப்ரைஸ் டெஸ்ட்ண்ணே.”

“எதுன்னாலும் நான்தான் ஃபர்ஸ்ட்டு.”

கை நன்றாக இருந்தால் உடம்பின் இரத்தத்திலும் வெளியே வருகிற இரத்தத்திலும் யூரியா ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றானால் நான் சொன்னது தப்பு, புதன்கிழமை கையெழுத்து விழும். பரிசோதனைக் கூடம் கீழ் மாடியில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படி இறங்கினேன். அங்கிருந்த பெண், “அக்கா, நீங்க வந்து நின்னா மட்டும் மெஷின் வேகமா ஓடுமா?” என்றாள்.

பதினொரு மணிக்கு வந்தது. உடம்பில் நூற்றுப்பத்து. கழுவி உள்ளே போவதில் இருபத்தெட்டு. வெளியே வருவதில் அறுபத்தொன்பது!

நூற்றுப்பத்து வர வேண்டிய இடத்தில் அறுபத்தொன்பது. படியிலேயே நின்று உள்ளங்கையில் கணக்குப் போட்டேன். வெளியே வந்த இரத்தத்தில் சரிபாதி, சற்றுமுன் கழுவி உள்ளே விட்டது. இரண்டு இரண்டு படியாகத் தாண்டி ஓடினேன். டாக்டர் தாளைப் பார்த்தார், பையிலிருந்து தன் பேனாவை எடுத்து அவரும் ஒருமுறை போட்டார். இந்த முறை யார் கணக்கு என்று கேட்கவில்லை. அன்று டயாலிசிஸ் முடியும்போது தானே பம்ப்பைக் குறைத்து, தானே இரத்தம் எடுத்தார். முன்னால் நூற்றைம்பது, பின்னால் அறுபத்து மூன்று. ஐம்பத்தெட்டு சதவீதம். ஃபெயில்.

அதை ஏழுமலை அண்ணனிடம் சொல்ல வேண்டியது நான்தான்.

“அம்பத்தெட்டா? யாருக்கு?”

“உங்களுக்குத்தாண்ணே.”

“போன மாசம் எழுவத்தி நாலு, இந்த மாசம் அம்பத்தெட்டா? உனக்கு இன்னா பாப்பா நான் பண்ணேன்? என் பொழப்புல மண்ணப் போடறியே!” பிரிவே திரும்பிப் பார்த்தது. “எழுவத்தி நாலுன்னு எழுதனதும் உன் கையிதான, இதுவும் உன் கையிதான? எத நம்பறது?”

“இத நம்புங்க. அது என் தப்பு.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் போகவில்லை. “அண்ணே, மீன் நாத்தம் புடிக்கலதான? முதுகு சொறியுதுதான?” என்றேன் மெதுவாக. அவர் திரும்பாமலே சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார். பக்கத்துப் படுக்கை மாமா “அய்யய்யோ” என்றார்.

டாக்டர் அவர் எதிரில் வந்து நின்றார். “மூணு நாள்தான் ஏழுமலை. கைய சரிபண்ணலாம். வண்டிய அப்புறம் பேசலாம்.”

புதன்கிழமை ஸ்கேன். மேட்டுக்கு மேலே, தோளை நோக்கிப் போகும் பாதையில் குழாய் நூலாகச் சுருங்கியிருந்தது. பலூனை உள்ளே விட்டு விரித்தார்கள். அடுத்த டயாலிசிஸில் நான் ஊசி போட்டேன், ஒன்றைக் கீழே, மற்றதை நான்கு விரல் தள்ளி மேலே. “அம்மாடி!” என்று கத்தினார். “கத்துங்கண்ணே, நல்லா கத்துங்க” என்றேன். அந்த மாதக் கடைசியில் பம்ப்பைக் குறைத்து, பதினைந்து எண்ணி எடுத்தது எழுபத்திரண்டு. இந்த எழுபத்திரண்டை உண்மையான இரத்தத்தில் வாங்கினார்!

பழைய ஓனரிடம் வண்டி கிடைக்கவில்லை. மூன்று நாளுக்கு மட்டும் ஆள் தேடிய இன்னொருவரிடம் கிடைத்தது. கஸ்தூரி அக்கா ஒருநாள் வந்து புகார் சொன்னார்: “மீன் தலை யாருக்குன்னு நேத்து புள்ளையோட சண்ட போடறாரு பாப்பா. வயசுக்கேத்த புத்தியா அது?” எனக்கு அந்தப் புகாரை எழுதி வாசலில் ஒட்ட வேண்டும் போல இருந்தது.

ஒட்டவில்லை. ரேங்க் அட்டையை அந்த வாரமே கிழித்துவிட்டேன். பிறகு எல்லா நோயாளிகளுக்கும் மறுபடி சரியான முறையில் எடுத்தோம். பொதுவாக எல்லார் எண்ணும் கொஞ்சம் இறங்கியது. மூன்று பேருக்கு நன்றாகவே இறங்கியது, மூவருக்கும் கையில் கோளாறு. “மானம் போச்சி” என்று ஸ்டீபன் அண்ணன் புலம்பினார். ஆனால் அன்றிலிருந்து பம்ப்பைக் குறைக்காமல் யாராவது சிரிஞ்சை எடுத்தால் முதலில் கத்துகிறவர் அவர்தான். “பாஞ்சி எண்ணுடா! உனக்கு எண்ணத் தெரியாதா?”

ஜூனியர்களே, புது மெஷின் காட்டுகிற எண் நல்லதுதான், கலப்பு இருந்தால் அதிலேயே கொஞ்சம் தெரியும். பாருங்கள். இரத்தமும் எடுங்கள். எடுத்துவிட்டு, “நேத்து இன்னா சாப்ட்டீங்க?” என்று கேளுங்கள். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் கையிலிருந்து சந்தேகப்பட ஆரம்பியுங்கள். நான் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

போன மாதம் ஏன் விலகினேன் என்று பலர் கேட்டீர்கள். டாக்டர் அருளப்பன் சுற்றுவட்டாரத்தில் இன்னும் ஆறு டயாலிசிஸ் பிரிவுகளுக்குப் போய்வருகிறார். அங்கெல்லாம் எப்படி இரத்தம் எடுக்கிறார்கள் என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று நான்தான் அவரிடம் கேட்டேன், அந்த ஆள் நான்தான் என்றும் நானே சொன்னேன். இப்போது அதுதான் என் வேலை.

முதலாவது பிரிவுக்கு நேற்று விழுப்புரம் போனேன். எட்டு படுக்கை, சுத்தமான இடம். டெக்னீஷியன்கள் இரண்டு பேர், என்னைவிடச் சின்னவர்கள், நான் குற்றம் பிடிக்க வந்திருக்கிறேன் என்று விறைப்பாக நின்றார்கள்.

“எங்க நம்பரெல்லாம் சூப்பரா இருக்குக்கா” என்றான் ஒருவன்.

“ரொம்ப சந்தோஷம். இருக்கறதுலயே பெஸ்ட் நம்பர் யாருக்கு?”

இருவரும் சிரித்தபடி ஜன்னலோரப் படுக்கையைக் காட்டினார்கள். ஒரு அம்மா படுத்திருந்தார், தட்டில் தொடாத இட்லி. பையைக் கீழே வைத்துவிட்டு நேராக அவரிடம் போனேன்.

“அம்மா, கையக் கொஞ்சம் காட்டுங்க.”